உட்கார ஓர் இடம்

மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இத்திங்கள் என் மேசைமீது இருக்கிறது. அவர் குடும்பத்தார் பல ஆண்டுகள் வாடகை வீட்டில் வாழ்ந்து, இப்போது சொந்தமாக ஒரு சிறு வீடு கட்டி முடித்திருக்கின்றனர். வீட்டிற்கு வெளியே, மாலை வேளையில் காற்று வாங்கி அமர்வதற்கு, வசதியும் அழகும் பொருந்திய ஓர் இடம் அமைக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். "கடைகளில் பலவகை நாற்காலிகளும் மெத்தை இருக்கைகளும் காட்டுகிறார்கள். எதை வாங்கினால் நெடுநாள் உழைக்கும்? அடுத்த மாதம் ஊரிலிருந்து என் மாமியார் வந்து எங்களோடு தங்கப் போகிறார். அதற்குள் முடித்துவிட எண்ணுகிறோம்" என்று எழுதியிருக்கிறார்.

அச்சகோதரியின் வினாவிற்கு விடை அவருடைய கடிதத்தின் கடைசி வரிகளிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். யார் அமரப் போகிறார் என்பதை முதலில் தெளிந்துகொண்டால், எங்கே அமைப்பது என்பது விளங்கும். எங்கே என்பது விளங்கினால், என்ன வாங்குவது என்பது தானே விளங்கும். இவ்வரிசையை நான் நூல்களில் படித்துக் கற்கவில்லை. என் வீட்டில் செய்த ஒரு பெரும்பிழையால் கற்றேன். அதனை மறைக்காமல் எழுதுவதே முறை.

எங்கள் வீட்டுப் பிழை

திருப்பூணித்துறையில் எங்கள் வீடு கிழக்கு நோக்கியது. முன்புறத்தில் எட்டடி அகலமுள்ள ஒரு வராந்தா உண்டு. குடிபுகுந்த புதிதில் திருட்டுக்கு அஞ்சி அதற்கு இரும்பு கிரில் போட்டோம். பிறகு ஸ்கூட்டர் அதனுள் வந்து நின்றது. அதனைத் தொடர்ந்து செருப்பு அலமாரி, பழைய செய்தித்தாள் கட்டு, மழைக்காலத்தில் துணி உலர்த்தும் கயிறு ஆகியவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சில ஆண்டுகளில் அது வராந்தா என்பதையே நாங்கள் மறந்துவிட்டோம்.

என் மாமனார் கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் வாழ்ந்தவர். மாமியார் மறைந்த பின்னர், தனியே இருக்க வேண்டாம் என்று அவரை அழைத்து வந்தோம். ஊரில் அவர் நாள் விடிவதும் முடிவதும் திண்ணையில்தான். செய்தித்தாள் படிப்பது, ஆட்களுக்குக் கூலி கொடுப்பது, பேரக் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவது, உண்ட பின் ஒரு நாழிகை கண்ணயர்வது எல்லாம் அங்கேயே. இங்கு அவருக்குக் காற்றோட்டமான அறை, நல்ல கட்டில், தொலைக்காட்சி அனைத்தும் தந்தோம். ஆயினும் காலையில் குளித்து முடித்தவுடன் அவர் வெளிக்கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நிற்பார். உடற்பயிற்சிக்காக நிற்கிறார் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம்.

ஒரு நாள் அவர் என்னிடம், "அம்மா, இந்த வீட்டில் உட்கார இடமே இல்லையே" என்றார்.

நான் திகைத்து, "என்ன மாமா இப்படிச் சொல்கிறீர்கள்? கூடத்தில் எட்டு நாற்காலிகள் இருக்கின்றனவே" என்றேன்.

"இருக்கின்றன அம்மா. அவற்றில் உட்கார்ந்தால் சுவரைத்தானே பார்க்க வேண்டும்?" என்று சொல்லிச் சிரித்தார். அச்சிரிப்பு என் நெஞ்சைச் சுட்டது.

அன்றிரவே என் கணவரும் நானும் கலந்து பேசி, அவருக்கென்று வெளியில் ஓர் இடம் அமைக்கத் துணிந்தோம். வீட்டின் மேற்குப் பக்கத்தில் வெற்றிடம் இருந்தது. அதில் வழுவழுப்பான டைல் பதித்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகட்டைக் கூரையாக இட்டோம். மெத்தை தைத்த சோபா, கண்ணாடி மேசை, செயற்கைப் புல் விரிப்பு ஆகியவற்றை வாங்கினோம். பார்த்தவர் அனைவரும் புகழ்ந்தனர். நிழற்படம் எடுத்து உறவினர்க்கெல்லாம் அனுப்பினோம்.

அது ஏப்ரல் மாதம். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அங்கே அடுப்பின் அருகில் அமர்ந்தது போன்ற வெப்பம். மாமா ஒரு வாரம் எங்களுக்காக அமர்ந்து பார்த்தார். பின்னர் ஜூன் பிறந்தது. இடவப்பாதி மழை காற்றோடு வந்தது. பத்து நாளில் மெத்தையில் கரும்பூஞ்சை படர்ந்தது. சோபாவின் இரும்புக் கால்கள் துருவேறின. புல் விரிப்பின் அடியில் நீர் தேங்கி நாறியது. ஒரு மாலை, ஈரமான டைலில் மாமா கால் வழுக்கி விழப் போனார். மேசையைப் பற்றிக்கொண்டதால் கையில் சிறு சிராய்ப்போடு தப்பினார். அதன் பின்னர் அவர் தம் அறையை விட்டு வெளியே வரவே தயங்கினார்.

அந்நாட்களில் கதவு ஒன்றைச் செப்பனிட இவ்வூர் முதிய ஆசாரி ஒருவர் வந்திருந்தார். வேலை முடிந்து, வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, மலையாளத்தில் அவர் சொன்னதன் பொருள் இது: "வீட்டின் மிக நல்ல இடத்தில் வண்டியை வைத்திருக்கிறீர்கள். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் பெரியவரை உட்கார வைத்திருக்கிறீர்கள்."

இதைவிடச் சுருக்கமாக இக்கலையை எவரும் கற்பித்துவிட முடியாது.

வெயிலும் மழையும் வரும் வழி

ஆசாரி சொன்னதன் காரணத்தைப் பின்னர் நான் விளங்கிக்கொண்டேன். கொச்சிப் பகுதி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் இருக்கிறது. ஆகவே ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகற் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். இவற்றிற்கு இடைப்பட்ட மாதங்களில் அது வடபுறம் சற்றே சாய்ந்து செல்லும். பிற மாதங்களில் தென்புறம் சாயும். டிசம்பரில் அச்சாய்வு ஏறத்தாழ 33 பாகை. எப்படியாயினும் நண்பகல் வெயில் உயரத்திலிருந்து வருவது. கூரையைச் சிறிது நீட்டினாலே அது தடைப்பட்டுவிடும்.

மேற்கு வெயில் அத்தகையதன்று. மாலை நான்கு மணிக்கு அது தாழ்ந்து வந்து, கூரையின் அடியில் நுழைந்து, முகத்திற்கு நேராக நிற்கும். எவ்வளவு நீண்ட கூரையாலும் அதனை முற்றும் தடுக்க இயலாது. மரமோ, தொங்கும் தட்டியோ துணை வேண்டும். கிழக்கு வராந்தாவில் காலை இளவெயில் வரும். அது முதியோர்க்கு இனியது. நண்பகல் கடந்தவுடன் வீடே அதற்குக் குடையாகிவிடும். மாலையில் நாம் அமர விரும்பும் நேரத்தில் அங்கே முழு நிழல் இருக்கும்.

மழையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம்மில் பலர் காவிரிக்கரைப் பழக்கத்தை மனத்தில் வைத்து இங்கே வீடு அமைக்கிறோம். தஞ்சைப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை. அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். கொச்சியில் ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து காற்று அதனைச் சாய்த்துக்கொண்டு வரும். ஊரில் திண்ணைக்குப் போதுமான கூரை இங்கே போதாது. கிழக்கு வராந்தாவும் முற்றிலும் தப்பிவிடும் என்று எண்ண வேண்டா. துலாவர்ஷ மாதங்களில் மாலை நேரத்து இடிமழை எத்திசையிலிருந்தும் அடிக்கக் கூடும்.

காற்றோ பிற்பகலில் கடலிலிருந்து, அஃதாவது மேற்கிலிருந்து வருகிறது. கிழக்குப் புறத்தில் அமர்ந்தவர்க்கு அது எவ்வாறு கிட்டும்? முன்வாயிலும் பின்வாயிலும் ஒரே நேர்கோட்டில் இருந்தால், வீட்டின் நடுவே புகுந்து முன்புறம் வந்துவிடும். நம் ஊர் பழைய வீடுகளில் தெருவாயிலில் நின்றால் கொல்லைப்புறம் தெரிவதன் பயன் இதுவே.

முன்னோர் கண்ட வழி

தமிழ்நாட்டில் திண்ணை என்கிறோம். இங்கே மலையாளத்திலும் அச்சொல் 'திண்ண' என வழங்குகிறது. தன் வீட்டு வாயிலில் மட்டும் வீரம் காட்டுபவனைக் கேலி செய்ய, இவ்வூரார் 'திண்ணமிடுக்கு' என்று ஒரு தொடர் வைத்திருக்கின்றனர். கூரையின் விளிம்பை நாம் இறவாரம் என்போம். அதன் அடியிலுள்ள இடத்தை இவர்கள் இறயம் என்பர். பெரிய வீடுகளின் முன்மண்டபத்திற்குப் பூமுகம் என்று பெயர். அதன் ஓரத்தில், முதுகு சாய்த்துக்கொள்ளும் வகையில் மரச்சட்டங்களை வெளிநோக்கிச் சாய்த்து அமைத்த நீண்ட இருக்கைக்குச் சாருபடி என்று பெயர். வராந்தா என்னும் சொல் போர்த்துகீசியரோடு வந்தது. நம் திண்ணையை ஆங்கிலேயர் 'பயால்' என்று எழுதி வந்தனர். அதுவும் இருக்கை எனப் பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லின் திரிபே. ஊர் பல, மொழி பல ஆயினும், வாயிலில் அமர்தல் என்னும் வழக்கம் ஒன்றே.

நம் ஊர் ஹில் பாலசைப் பார்க்காத வாசகர் இரார். கொச்சி அரசர்கள் 1865-இல் கட்டத் தொடங்கிய அவ்வளாகத்தில் கேரள முறையில் அமைந்த 49 கட்டடங்கள் உள்ளன. 1986 முதல் அது பொதுமக்கள் காணும் அருங்காட்சியகம். 2024-இல் மெட்ரோ ரயில் திருப்பூணித்துறை வரை வந்துவிட்டதால், கொச்சி நகரத்து அன்பர்கள் வருவதும் எளிதாயிற்று. அடுத்த முறை செல்லும்போது முடியையும் வாளையும் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடாமல், ஓட்டுக் கூரை எவ்வளவு சரிந்து இறங்குகிறது, தாழ்வாரம் எவ்வளவு உள்வாங்கி இருக்கிறது என்பனவற்றையும் கவனியுங்கள். ஊருக்குச் செல்லும் வழியில் தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையைக் காண்போர், அதன் பூமுகத்தில் சிறிது நேரம் நின்று பார்க்கலாம். தமிழ்நாட்டு மண்ணில் நிற்கும் அவ்வரண்மனையைக் கேரள அரசு பேணி வருகிறது. புலம்பெயர்ந்து வாழும் நமக்கு அதைவிடப் பொருத்தமான பாடசாலை வேறில்லை.

அரண்மனை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு வேறொரு சான்று உண்டு. மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீர் 1994-இல் மறையும் வரை, கோழிக்கோட்டை அடுத்த பேப்பூரில் வாழ்ந்தார். அவர் வீட்டு முற்றத்தில் ஒரு மங்குஸ்தான் மரம். அதன் நிழலில் ஒரு சாய்வு நாற்காலி. அருகில் பாட்டுப் பெட்டி. கேரளத்தார் பலர் மனத்தில் பஷீர் என்றதும் தோன்றும் காட்சி இதுவே. எழுதவும், பாட்டுக் கேட்கவும், வருவோரோடு உரையாடவும் அவருக்கு அவ்விடம் போதுமானதாக இருந்தது.

அளவுகள்

இனி, கொத்தனாரிடமும் ஆசாரியிடமும் சொல்ல வேண்டிய அளவுகளைத் தருகிறேன். நாங்கள் இரண்டாம் முறை அமைத்தபோது கைக்கொண்டவை இவை.

வராந்தாவின் அகலம் ஆறடிக்குக் குறைதல் ஆகாது. எட்டடி இருந்தால், ஒருவர் கால் நீட்டி அமர்ந்திருக்கும்போது மற்றொருவர் தடையின்றிக் கடந்து செல்லலாம். இறவாரம் தூணுக்கு வெளியே இரண்டரை முதல் மூன்று அடி வரை நீண்டு, தரையிலிருந்து ஏறத்தாழ ஏழடி உயரத்தில் முடியட்டும். மிக உயர்த்தினால் சாரல் உள்ளே வரும். மிகத் தாழ்த்தினால் தலை இடிக்கும்.

இருக்கையின் உயரம் 16 முதல் 18 அங்குலம். முழங்கால் நோவுள்ள முதியோர்க்கு 18 அங்குலமே ஏற்றது. தாழ்ந்த சோபாவிலிருந்து எழுவதற்கு அவர்கள் படும் துன்பத்தை நாம் அறிவோம். காலைத் தொங்கவிட்டு அமர 18 முதல் 20 அங்குல ஆழம் போதும். சப்பணமிட்டு அமர விரும்பினால் 30 அங்குலம் வேண்டும். பழைய திண்ணைகளின் ஒரு முனையில் தலையணைபோல் ஒரு சரிவு கட்டியிருப்பர். அதனையும் கேட்டுக் கட்டச் செய்யுங்கள். பகலில் கண்ணயர அதற்கு ஈடான மெத்தை கிடையாது.

தரை வெளிப்புறம் நோக்கிச் சிறிது சரிந்திருக்க வேண்டும். எட்டடிக்கு ஓர் அங்குலம் சரிவு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நீர் தேங்காது. படிகள் ஆறு அங்குல உயரமும் ஓர் அடி அகலமும் உடையனவாய் இருக்கட்டும். படியின் அருகே கைப்பிடி ஒன்று கட்டாயம் வேண்டும். அழகைக் கெடுக்கும் என்று எங்கள் வீட்டில் முதலில் அதனை விட்டுவிட்டோம். மாமா சுவரைத் தடவிக்கொண்டு இறங்குவதைக் கண்ட பின்னரே அமைத்தோம்.

பொருள்கள்

இருக்கையை நாங்கள் வெட்டுக்கல்லால் கட்டினோம். கேரளத்தில் எங்கும் கிடைப்பது அது. தோண்டும்போது கோடரியால் வெட்டும்படி மென்மையாய் இருந்து, வெயிலும் காற்றும் படப்பட இறுகும் இயல்புடையது. பிரான்சிஸ் புக்கானன் என்னும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆய்வாளர் மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புறத்தில் இக்கல்லைக் கண்டு, 1807-இல் வெளியான தம் பயண நூலில் 'லாட்டரைட்' என்று பெயரிட்டார். உலகம் இன்றும் அப்பெயரையே வழங்குகிறது. இருக்கையின் மேற்பரப்பிற்கு அயினி மரப்பலகை இட்டோம். ஆஞ்ஞிலி என்று இங்கே கேட்டால் எவரும் தருவர். தேக்கைவிட மலிவு, ஈரத்தையும் தாங்கும்.

கூரைக்கு மங்களூர் ஓடே சிறந்தது. பாசல் மிஷனார் 1865-இல் மங்களூரில் தொடங்கிய ஆலையிலிருந்து பரவிய ஓடு அது. ஓடுகளின் இடுக்கு வழியே வெப்பம் மேலேறிப் போய்விடும். பிளாஸ்டிக் தகடு வெயிலை உள்ளே விட்டு வெப்பத்தை வெளியே விடாது என்பதை நாங்கள் பொருள் செலவிட்டு அறிந்தோம்.

தரைக்கு வழவழப்பான டைல் கூடவே கூடாது. ஆத்தங்குடிக் கற்கள் கண்ணைக் கவர்வன. ஆயினும் மழை நனைக்காத உட்பகுதிக்கே அவை ஏற்றவை. சாரல் படும் ஓரத்தில் சொரசொரப்பான சுட்ட மண்தட்டோ, பொளிந்த கல்லோ பதியுங்கள்.

பஞ்சு மெத்தைகள் இம்மண்ணின் மழைக்கு ஒவ்வா. அமர்வதற்குக் கோரைப்பாயை மடித்து இடலாம். கழற்றித் துவைக்கத்தக்க உறையிட்ட மெல்லிய தென்னைநார்த் திண்டும் உதவும். இரவில் அவற்றை உள்ளே எடுத்து வைக்கும் பழக்கம் வேண்டும். பிரம்பு நாற்காலிகள் கூரையின் கீழ் இருந்தால் பல ஆண்டு உழைக்கும், நனைந்தால் துவண்டுவிடும். மேற்கு வெயில் படும் இடமாயின் மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ தொங்கவிடுங்கள்.

கிரில் இன்றி அச்சமாக இருக்குமே என்பார்க்கு, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் நல்வழி காட்டியிருக்கிறார். செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கி, காற்றும் ஒளியும் புகும் சுவர்களை அவர் எழுப்பினார். இருக்கைகளையும் சுவரோடு சேர்த்தே கட்டிவிடுவது அவர் வழக்கம். காவல் வேண்டிய பக்கத்தில் அத்தகைய சுவரும், தெருவை நோக்கிய பக்கத்தில் திறப்பும் அமைத்து, வீட்டின் கதவை வலுவாக வைத்துக்கொண்டால் போதும்.

விளக்கு மஞ்சள் நிறத்தில் மங்கலாக இருக்கட்டும். வெள்ளொளிக்கு வரும் பூச்சி இதற்கு அவ்வளவு வருவதில்லை. செடிகள் வைப்போர் தொட்டியின் அடித்தட்டில் நீர் நிற்க விடாதீர். டெங்குக் கொசு தெளிந்த நீரில் முட்டையிட்டு ஒரு வாரத்திற்கு மேல் சில நாட்களில் பறந்துவிடும். வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் அது பெருகாது.

அடுக்ககத்தில் வாழ்வோர்க்கு

நம் அன்பர்களில் பலர் பிளாட்டுகளிலும் மட்டாஞ்சேரியின் குறுகிய சந்து வீடுகளிலும் வாழ்கின்றனர். திண்ணைக்கு எங்கே போவது என்று அவர்கள் மனம் வருந்த வேண்டா. திருக்கோவலூரில் மழை இரவில் ஓர் இடைகழியில் முதலாழ்வார் மூவர் சந்தித்த வரலாற்றை நாம் கேட்டிருக்கிறோம். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவுடைய இடமே அவர்களுக்குப் போதியதாயிற்று.

நாலடி பால்கனியில் ஒரு விசிப்பலகை இடலாம். அதனைக் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போடாதீர். குழந்தைகள் அதன்மீது ஏறி எட்டிப் பார்ப்பர். வீட்டுச் சுவரை ஒட்டிப் போட்டு, வெளிநோக்கி அமருங்கள். கனமான தொட்டிகளையும் சுவரோரமே வையுங்கள். ஊஞ்சல் கட்ட விரும்புவோர், உத்தரம் தாங்குமா என்று பொறியாளரைக் கேட்காமல் கொக்கி அடிக்க வேண்டா. பால்கனியும் இல்லாதவர், வீட்டு வாயிலில் இரண்டு முக்காலி இடுவதற்கு அயலாரின் இசைவைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவர்களும் வந்து அமர்வர்.

யார் அமர்ந்தனர், யார் நின்றனர்?

திண்ணையைப் புகழும்போது ஓர் உண்மையை மறைத்தல் தகாது. அந்நாளைய திண்ணைகள் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. வழிப்போக்கர்க்கு இடம் தந்த அதே திண்ணையில், உழைத்துச் சோறிட்டவர் பலர் சாதியின் பெயரால் ஏற முடியாமல் தெருவில் நின்றனர். திண்ணைப் பள்ளிகளிலும் எல்லார் பிள்ளைகளும் சமமாக அமரவில்லை. வீட்டுப் பெண்கள் கதவின் பின்னே நின்று கேட்டனரே அன்றி, வெளியே வந்து அமரவில்லை. முன்னோரிடமிருந்து நிழலையும் காற்றையும் கற்போம், இவ்வழக்கத்தை விட்டுவிடுவோம். அஞ்சற்காரரும், மீன் விற்கும் அம்மையும், பொருள் கொண்டு வந்து தரும் இளைஞரும் ஒரு குவளை நீர் அருந்தி இளைப்பாற இடமில்லையாயின், அது எத்துணை அழகாயினும் திண்ணையாகாது.

பின்னர் நடந்தது

நாங்கள் கிரில்லைக் கழற்றினோம். ஸ்கூட்டர் மேற்குப் பக்கத்திற்குச் சென்றது. சோபாவிற்குச் செலவிட்டதில் பாதிக்கும் குறைவான தொகையில் திண்ணை எழுந்தது. முதல் நாள் மாமா அதனைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, துண்டால் ஒருமுறை தட்டி, அமர்ந்தார்.

எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற மலையாளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பதினோர் ஆண்டுகளாக அவரும் நாங்களும் தலையசைப்போடு நின்றிருந்தோம். மூன்றாம் நாள் அவர் தெருவைக் கடந்து வந்து, "இது திண்ணயல்லே?" என்று கேட்டார். "ஆமாம், திண்ணைதான், உட்காருங்கள்" என்றார் மாமா. அந்த ஒரு சொல்லிலிருந்து அவர்கள் நட்புத் தொடங்கியது. இவர் தமிழில் பேச, அவர் மலையாளத்தில் விடை சொல்வார். ஓணத்திற்கு முன் அத்தச்சமய ஊர்வலம் வந்தபோது, மாமாவைக் கைபிடித்து அழைத்துச் சென்று காட்டியவர் அவரே. மருந்து மறந்த நாட்களில் எங்களுக்கு நினைவூட்டியவரும் அவரே.

மாமா சென்ற ஆண்டு ஆடித் திங்களில் மறைந்தார். காரியங்கள் முடிந்து உறவினர் ஊர் திரும்பிய மறுநாள் காலை, நான் கதவைத் திறந்தேன். ஆசிரியர் திண்ணையில் தம் வழக்கமான இடத்தில் அமர்ந்திருந்தார். பக்கத்து இடம் வெறுமையாய் இருந்தது. நான் உள்ளே சென்று இரண்டு குவளைகளில் காப்பி கொண்டு வந்தேன். ஒன்றை அவரிடம் தந்தேன். மற்றொன்றை எடுத்துக்கொண்டு நானும் அங்கே அமர்ந்தேன். திண்ணை கட்டிய நாள்முதல் அதனைப் பெருக்கியிருக்கிறேன், துடைத்திருக்கிறேன், அமர்ந்தது அன்றுதான்.

மட்டாஞ்சேரிச் சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். இப்போது எதையும் வாங்க வேண்டா. உங்கள் மாமியார் வந்து இறங்கட்டும். மறுநாள் மாலை அவர் கையில் ஒரு பாயைக் கொடுத்து, "அத்தை, உங்களுக்குப் பிடித்த இடத்தில் உட்காருங்கள்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் பாருங்கள். வெயிலையும் காற்றையும் தெருவையும் பார்த்து அவர் ஓர் இடத்தில் பாயை விரிப்பார். கொத்தனாரை அழைத்து அவ்விடத்தைக் காட்டுங்கள்.